உறைக்குள் வெறும் சிடி

பால் சொசைட்டிக் கணினியில் தலைமை அலுவலகம் கொடுத்த சிடியிலிருந்து ஏற்றிய புது மென்பொருள் பாதியில் நின்றுவிட்டது. அது ஓடாமல் பால் அளக்க முடியாது. வாசலில் கேன்கள் வெயிலில் கிடந்தன.

தலைமை அலுவலக மேலாளர் பொன்னுரங்கம் கத்தினார். "நான் கொடுத்த நகல் சிடியில தப்பே கிடையாது. சிடியில ஒரு எழுத்து மாறினாலும் கணினி காட்டுற சரிபார்ப்பு எண் மாறிடும்; மூல சிடிக்கு வர்ற எண்ணேதான் இதுக்கும் வந்துச்சு. மெஷினைக் கெடுத்தது இந்தப் பொண்ணு. இன்னிக்கே அனுப்புங்க!"

சங்கத் தலைவர் கணினி இயக்கும் பெண்ணைப் பார்த்தார். "என்னம்மா சொல்றே?"

"எங்க முன்னாடி ஒருதரம் சரிபார்க்கட்டும் ஐயா. எண் பொருந்தினா நானே போயிடறேன்." உறையோடு சிடியை நீட்டினாள்.

மேலாளர் அதை லேப்டாப்பில் போட்டார். ஏதோ தட்டினார். திரையைப் பார்த்தாரா? இல்லை. உறைமேல் தாமே எழுதியிருந்த மூல எண்ணைக் கடகடவென்று வாசித்தார். "பொருந்துது! போதுமா?"

"சார், நீங்க போட்டது வெறும் சிடி. கடையில வாங்கினபடியே இருக்கு. உங்க சிடி இதோ, என் கையில."

தலைவர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். திரையில் எண் எதுவும் இல்லை. மேலாளர் வியர்வையைத் துடைத்தார்.

மேலாளர் பையிலிருந்த மூல சிடியிலிருந்து மறுபடி நகலெடுத்து, எண்ணை நிஜமாகவே ஒப்பிட்டு, பால் திரியுமுன் கணினியை ஓடவிட்டவள் அந்தப் பெண்தான். பெயர் செங்கமலம்.