பாயசத்தில் விழுந்த கருஞ்சீரகம்

முன்னொரு காலத்தில், ராஜா தும்மினால் ஊரே மூக்கைத் துடைத்துக்கொண்ட ஒரு நாட்டில், வீரகண்டன் என்ற அரசனுக்கு இருமல் வந்தது. அரண்மனை வைத்தியர் மருதவாணர் கருஞ்சீரகத்தை வறுத்துப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் இருமல் நின்றது. அதோடு விட்டிருக்கலாம். சாவைத் தவிர எல்லாவற்றையும் கருஞ்சீரகம் தீர்க்கும் என்று வைத்தியர் சொல்லிவைக்க, அது சேராத பண்டம் எதுவும் இனி அரண்மனைப் பந்திக்கு வரக்கூடாது என்று அரசன் ஆணையிட்டான்.

அன்றிலிருந்து குழம்பில் ஒரு கைப்பிடி, பாயசத்தில் ஒரு கைப்பிடி. சோறு எறும்பு மொய்த்ததுபோல் கறுத்துக் கிடந்தது. கசக்கிறது என்பவனுக்குப் பித்தம் முற்றிவிட்டது, அவனுக்கு இரட்டைப் பங்கு என்று வைத்தியர் விதித்திருந்தார். ஆகவே மந்திரிகள் கண்ணில் நீர் வழிய, தேனாய் இனிப்பதாகச் சொன்னார்கள். அரசனுக்கும் கசந்தது. தனக்கே பித்தம் என்று எந்த ராஜா ஒப்புக்கொள்வான்?

பத்தாம் நாள் விகடகவி கூத்தபிரான் பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்தான். அவன்மேல் நெடுநாளாகப் பொறாமையில் வெந்துகொண்டிருந்த வைத்தியருக்கு அது போதும். ராஜ ஆணையை அவமதித்தான் என்று முறையிட்டார்.

"நாளைக்கு நீரே சமையும்," என்றான் அரசன். "ஒரு பண்டத்தில் கருஞ்சீரகம் இல்லையென்றாலும் நாடு கடத்திவிடுவேன்."

"உத்தரவு, மகாராஜா."

நாட்டைவிட்டுப் போக நேருமோ என்ற கலக்கம் இருந்தாலும் கூத்தபிரான் கரண்டியைப் பிடித்தான். மறுநாள் அரசன் முதல் கவளத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்தான். குழம்பை மூன்று முறை கேட்டு வாங்கினான். பெயர் விகடகவிக்குப் போய்விடுமே என்று வைத்தியர் அவசரமாக எழுந்தார்.

"இன்று இரு மடங்கு சேர்ந்திருக்கிறது, மகாராஜா. அளவு கூடக்கூடக் கசப்பே இனிப்பாகும். அடியேன் அறிந்த சாஸ்திரம் அது."

மந்திரிகள் தலையாட்டினார்கள். ஒருவர் தம் முழங்கால் வலிகூடப் போய்விட்டது என்றார்.

எவ்வளவு போட்டீர் என்று அரசன் கூத்தபிரானைக் கேட்டான்.

"பண்டத்துக்கு ஒன்று."

"ஒரு கைப்பிடியா?"

"ஒரு மணி, மகாராஜா. கருஞ்சீரகம் இருக்க வேண்டும் என்பதுதான் ஆணை, எத்தனை என்று சொல்லவில்லை. ஊறுகாயில் ஒரு சிட்டிகை போட்டால் மணக்கும். இருமலுக்கு மூன்று நாள் கொடுத்தால் மருந்து. அதையே சோறாகத் தின்றால் நாக்கு என்ன பாவம் செய்தது?"

அரசன் வைத்தியரின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு பொங்கி, வாயிலிருந்த பாயசம் மார்பில் வழிந்தது. கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டான்.

மறுநாள் பந்தியில் கருஞ்சீரகமே இல்லை. உடம்புக்கு அதுதான் நல்லது என்று மந்திரிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்.