கரடி இழுத்த மூட்டை

மலையடிவாரக் காடு ஒன்றில் ஒரு கரடியும் ஒரு காட்டுப்பன்றியும் ஆற்றோரமாகக் குடியிருந்தன. பன்றி எந்த வேலையையும் முணுமுணுக்காமல் செய்யும். கரடிக்குப் பலம் அதிகம். ஆனால் குழந்தைகளே, அதன் கண் எப்போதும் பன்றியின் மேல்தான் இருக்கும். பன்றிக்கு ஒரு நல்ல கிழங்கு கிடைத்தால் போதும், கரடிக்கு வயிறு எரியும்.

ஒருநாள் காலை மேற்கே வானம் கறுத்தது. இருவாட்சிப் பறவை அலறிக்கொண்டு பறந்து வந்தது.

"மேல்மலையில் பெருமழை! மாலைக்குள் வெள்ளம் வந்துவிடும். எல்லோரும் உச்சிக் குகைக்குப் போய்விடுங்கள்!"

குட்டிகளை முதலில் குகைக்கு அனுப்பிவிட்டு, சேர்த்து வைத்திருந்த கிழங்குகளைக் கரடியும் பன்றியும் கொடியால் கட்டின. கரடிக்கு ஒரு மூட்டை. பன்றிக்குக் குட்டிகள் அதிகம் என்பதால் இரண்டு மூட்டை. எல்லாம் ஒரே எடை.

குகைக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று குட்டை வழி, ஆனால் செங்குத்து. மற்றது மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் நீண்ட வழி.

"குட்டை வழி எனக்கு!" என்று கரடி முந்திக்கொண்டது.

"சரி அண்ணே, நான் சுற்றிக்கொண்டு வருகிறேன்" என்றது பன்றி.

செங்குத்தில் மூட்டை இம்மி இம்மியாகத்தான் நகர்ந்தது. கரடிக்கு மூச்சு வாங்கியது. பாதி மலையில் நின்று திரும்பிப் பார்த்தது. தூரத்தில் பன்றி கொடியை வாயில் கவ்விக்கொண்டு சாவகாசமாக நடந்து போனது.

"ஓகோ! எனக்கு முதுகு ஒடிகிறது, அவனுக்கு உல்லாசமா? சுகமான வழியை அல்லவா பிடித்துக்கொண்டான்!"

கரடி கொடியை விட்டது. மூட்டை உருண்டு அடிவாரத்துக்கே போய்விட்டது. கரடியும் இறங்கி, அதே மூட்டையைச் சுற்று வழியில் முதலிலிருந்து இழுக்கத் தொடங்கியது.

இழுப்பது லேசாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வளைவு முடிந்தால் இன்னொரு வளைவு. வழி முடிகிறதாகத் தெரியவில்லை.

இதற்குள் பன்றி முதல் மூட்டையைக் குகையில் சேர்த்துவிட்டு, அடுத்ததை இழுக்க வந்தது. குட்டை வழி காலியாக இருந்ததால் அதிலேயே ஏறியது. கரடி ஏழாவது வளைவில் நின்று பார்த்தபோது பன்றி உச்சியை நெருங்கிவிட்டது. அதன் கால்கள் நடுங்கியது அத்தனை தூரத்திலிருந்து தெரியவில்லை.

"அடப் பாவி! என்னைச் சுற்ற விட்டுவிட்டு அவன் குறுக்கே போகிறானே!"

மரத்தின் மேலிருந்த இருவாட்சி சொன்னது: "கரடியாரே, நான் மேலிருந்து இரண்டு வழியையும் பார்க்கிறேன். இந்த வழியில் கால் பங்கு விசையோடு இழுத்தால் போதும், ஆனால் தூரம் நான்கு மடங்கு. விசையையும் தூரத்தையும் பெருக்கிப் பாரும். இரண்டு வழியிலும் வேலை ஒன்றுதான்! இன்னும் மூன்றே வளைவு, இழும்!"

"உன் கணக்கு யாருக்கு வேண்டும்? அவன் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவானே!"

கரடி மூட்டையைச் சரிவில் தள்ளிவிட்டது. செங்குத்து வழியில் மறுபடி இழுக்கலாம் என்று அடிவாரத்துக்கு ஓடியது. பாதி வழி இறங்கும்போதே வெள்ளம் வந்துவிட்டது. கண்ணெதிரே மூட்டை சுழன்று சுழன்று ஆற்றோடு போனது.

கரடி வெறுங்கையோடு குகைக்குள் நுழைந்தது. அதன் இரண்டு குட்டிகளும் ஓடி வந்தன.

"அப்பா, நம் கிழங்கு எங்கே?"

"நாளெல்லாம் இழுத்தேன்! என்னைவிட அதிகம் இழுத்தவர் யார்?" என்று கரடி உறுமியது.

"நிறைய இழுத்தீர்" என்றது இருவாட்சி. "ஆனால் மேலே ஒன்றும் வந்து சேரவில்லையே!"

கரடிக்குட்டிகள் அழுதன. பன்றி தன் மூட்டையைப் பிரித்தது. கரடிக்குட்டிகளுக்கு ஆளுக்கொரு கிழங்கு கொடுத்தது. "சாப்பிடுங்கள் அண்ணே" என்று கரடியின் முன்னாலும் ஒன்றை உருட்டிவிட்டது.

கரடி அதைத் தொடவில்லை. பன்றியின் முன்னால் கிடந்த கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தது.

அது கொஞ்சம் பெரியதாகத் தெரிந்தது.

நீதி: பிறர் வழியைப் பார்த்துப் பொருமுகிறவனின் சுமை ஒருநாளும் உச்சி ஏறாது.