பின்சீட்டு பெல்ட்

"எல்லாரையும் தனியா அனுப்பிட்டீங்க. என்னை மட்டும் ஏன் சார் அனுப்பல?"

கேட்டவள் ஜெனிஷா, என்.சி.சி. விமானப் பிரிவு கேடட். எஞ்சின் இல்லாத விமானமான கிளைடரில் பறக்கும் முகாமுக்கு இன்றுதான் கடைசி நாள். இன்று தனியாகப் பறக்காவிட்டால் அப்புறம் இல்லை.

பயிற்சியாளர் மகுடபதி வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம்.

"மேல போனா யார்கிட்ட பேசுறே?" என்றார்.

"ஜெபின்கிட்ட சார்."

ஜெபின் அவளோடு பிறந்த இரட்டை. ஒன்றாகவே கேடட் ஆனார்கள். ரெண்டு பேரும் ஒன்றாகத் தனியாகப் பறப்போம் என்று சத்தியம் வேறு. பேச்சைப் பாருங்கள், ஒன்றாகத் தனியாக! நாலு மாதத்துக்கு முன்னால் காய்ச்சல் என்று படுத்தான். பாவி, மூன்றே நாளில் போய்விட்டான். அன்றைக்கும் ஜெனிஷா அழவில்லை.

"ஏறு," என்றார் மகுடபதி.

அவள் முன்சீட்டில் ஏறினாள். அவர் ஏறவில்லை. தனியாகத்தான் அனுப்புகிறார்!

"பின்சீட்டு பெல்ட்டை ஏன் பூட்டல?"

ஆளில்லாத சீட்டின் பெல்ட்டை இறுகப் பூட்டிவிட்டுத்தான் தனியாகக் கிளம்ப வேண்டும். முதல் நாள் பாடம் அது. பாடத்தையெல்லாம் கரைத்துக் குடித்தவள் ஜெனிஷா.

"வேணும்னேதான் சார். பூட்டிட்டா அவன் எங்க உட்காருவான்?"

திட்டு விழும் என்று பார்த்தாள். விழவில்லை.

கிளைடரை ஏற்றி இறக்கும் பிடிக்கு ஸ்டிக் என்று பேர்; முன்சீட்டுக்கு ஒன்று, பின்சீட்டுக்கு ஒன்று என்று ரெண்டு. ஒன்று நகர்ந்தால் மற்றதும் நகரும். அவர் குனிந்து, அவிழ்ந்து கிடந்த பெல்ட்டைப் பின் ஸ்டிக்கில் ஒரு சுற்றுச் சுற்றி மாட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"ஸ்டிக்கை முன்னால தள்ளு."

தள்ளினாள். நகரவில்லை.

"நல்லா தள்ளு."

ரெண்டு கையாலும் தள்ளினாள். ம்ஹூம்.

"பின்னால யாரோ பிடிச்சிருக்காங்க சார்!"

"யாருன்னு பாரு."

ஜெனிஷா திரும்பிப் பார்த்தாள். வெறும் சீட்டு. ஸ்டிக்கில் சுற்றிய பெல்ட்.

"யாரும் இல்ல சார்," என்றாள். சொன்ன வாய் மூடுவதற்குள் ஓவென்று அழுதாள். ஓடுபாதையில் நின்ற கேடட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மகுடபதி புல்லில் உட்கார்ந்தார்.

"நிதானமா அழு," என்றார். "அழுது முடிச்சிட்டு நீயே பூட்டு."