ஒரு பகல் மரமாக நின்ற கோதண்டராயர்

காரும் பஸ்ஸும் பிறக்காத, ஆனால் தெரு நெரிசல் மட்டும் எப்படியோ பிறந்துவிட்ட காலம் அது. மணிக்கூடல் நகரத்தைக் குமுதகேசரி என்ற ராஜா ஆண்டுகொண்டிருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் வெளியூரில் எதைப் பார்த்தாலும் மறுநாளே அது தனக்கும் வேண்டும் என்பார். அண்டை நாட்டுக்கு விருந்துக்குப் போனவர் அங்கே நூல் பிடித்தாற்போல் நேரான ஒரு வீதியைப் பார்த்துவிட்டு வந்தார். அன்று முதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கட்டட அதிகாரி கோதண்டராயருக்கு இது போதாதா? அமைச்சர் மாசிலாமணியின் ஆசனத்தின் மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

"பிரபு! கோட்டை வாசலிலிருந்து கடைவீதி வரை எட்டுக் குதிரை ரதம் பறக்கிற மாதிரி வீதி போட்டுத் தருகிறேன். வழியில் இருக்கிற மரங்களை எல்லாம் வெட்டினால் போதும். முதலில் நட்டநடுவில் நிற்கும் அந்தக் கிழட்டுப் புங்கமரம். ஒரு வேலையும் பார்க்காமல் சும்மா நிற்கிறது!"

"அமைச்சரே, வெட்டிவிடலாமா?" என்றார் ராஜா.

"தாராளமாக வெட்டலாம், பிரபு" என்றார் மாசிலாமணி.

கோதண்டராயருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

"ஆனால் நம் சபைக்கு ஒரு வழக்கம் உண்டே!" என்று அமைச்சர் மெல்ல இழுத்தார்.

ஒருவரை வேலைக்கு உதவாதவர் என்று சொல்லி நீக்கச் சொன்னால், சொன்னவரே அந்த வேலையை ஒரு பகல் செய்துகாட்ட வேண்டும். அதுதான் வழக்கம். இந்த வழக்கத்தை வைத்துத்தான் போன வருஷம் கோதண்டராயர் ஆராய்ச்சி மணி அடிப்பவரை வீட்டுக்கு அனுப்பினார். ஒரு பகல் மணியை அடித்துக் காட்டிவிட்டு, அந்த இடத்தில் தன் மைத்துனனை உட்காரவைத்தார். இப்போது எந்த வாயால் வேண்டாம் என்பார்?

"மரம் என்ன உத்தியோகஸ்தனா?" என்று முனகிப் பார்த்தார்.

"மகாராஜாவுக்குக் குடை பிடிப்பவர் உத்தியோகஸ்தர் என்றால், ஊருக்கே குடை பிடிப்பவர் யார்?" என்றார் மாசிலாமணி.

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். "நியாயம்! ராயரே, நாளைக்குப் பொழுது சாயும்வரை நீர் மரம். நின்றுவிட்டீரானால் மரங்களையும் வெட்டலாம், அமைச்சர் மோதிரத்தையும் நீரே போட்டுக்கொள்ளலாம்."

குடைதானே பிடிக்க வேண்டும்? கோதண்டராயர் அரண்மனையிலேயே பெரிய குடையாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, பட்டு அங்கவஸ்திரமும் தானுமாகக் காலையிலேயே வந்து நடுவீதியில் நின்றார். புங்கமரத்துக்கு அன்று விடுமுறை. அதைச் சுற்றிக் கயிறு கட்டி, உள்ளே யாரும் போகாமல் காவலர்கள் நின்றார்கள்.

முதலில் பூக்காரி வள்ளியக்கா கூடையை அவர் காலடியில் இறக்கினாள். "சாமி, கொஞ்சம் இப்படிச் சாயுங்க. பூவுல வெயில் படுது பாருங்க."

சாய்ந்தார். அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாணை பிடிப்பவர் கத்தினார். "ஐயா மரமே! என் தலை வேகுது, இந்தப் பக்கம் வாங்க!"

இந்தப் பக்கம் வந்தார். அதற்குள் ஒரு பெண் குழந்தையும் கையுமாக வந்து, அவருடைய இன்னொரு கையில் தூளியைக் கட்டிவிட்டாள். "ஆடாம நில்லுங்கய்யா. இப்பத்தான் கண்ணை மூடுது." பின்னால் ஒரு வெள்ளாடு வந்து, தழை இல்லாத மரம் இது என்று தெரிந்ததும் அங்கவஸ்திரத்தை மெல்லத் தொடங்கியது. விரட்டலாம் என்றால் ஒரு கையில் குடை, மறு கையில் தூளி. குடையின் உச்சியில் காக்கை ஒன்று உட்கார்ந்து, உட்கார்ந்ததற்கு அடையாளத்தையும் விட்டுவிட்டுப் போனது.

உச்சி வெயில் ஏறியது. குடை நிழலோ நாலு பேருக்கு, வந்து நின்றதோ நாற்பது பேர். "தள்ளு", "நீ தள்ளு" என்று சண்டை மூண்டது. அந்த நேரம் பார்த்து, அமைச்சரும் உடன் வர, ராஜாவின் ரதம் வந்தது. தினமும் புங்கமரத்தடியில் இளைப்பாறிப் பழகிய குதிரைகள், கயிற்றைக் கண்டு திகைத்து, நுரை தள்ளி நின்றன. ராஜா இறங்கினார்.

"ராயரே, எனக்கு நிழல் கொடும்!"

கோதண்டராயர் குடையை நகர்த்தப் போனார். வள்ளியக்கா விடவில்லை. "நான் விடிஞ்சதுலேருந்து இங்கேதான் இருக்கேன், மகாராஜா. மரம் என்னைக்காவது ஆள் பார்த்து நகர்ந்திருக்கா?"

ராஜா குடைக்கு வெளியிலேயே நின்றார். வெயிலில் காய்ந்த வீதிக் கல் செருப்பையும் மீறிச் சுட்டது. நாட்டை ஆளும் மன்னர் நடுவீதியில் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்தார்.

கோதண்டராயருக்குக் கண் இருட்டியது, குடை சரிந்தது. மோதிரம் நினைவுக்கு வந்தது. அதோடு கையில் தூங்கும் குழந்தையும் நினைவுக்கு வந்தது. போட்டுவிட்டால் என்ன ஆவது என்று உண்மையாகவே பயந்துபோனார்.

"அமைச்சரே, தோற்றேன்! தூளியைப் பிடியுங்கள்! அந்தக் கயிற்றை அவிழ்க்கச் சொல்லுங்கள்!"

காவலர்கள் அவிழ்ப்பதற்குள் ராஜாவே குனிந்து உள்ளே போய்விட்டார். பின்னாலேயே குதிரைகள், குழந்தை, ஆடு, ஊர்ச் சனம். கடைசியாகக் கோதண்டராயர். கிழிந்த பட்டோடு அடிமரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அப்படி ஒரு சுகமான காற்றை அவர் வாழ்நாளில் வாங்கியதில்லை.

அங்கேயே சபை கூடியது. "மாசிலாமணி, என்ன பரிசு வேண்டும்?" என்றார் ராஜா.

"வீதி தாராளமாக வரட்டும், பிரபு. மரங்கள் நிற்கிற இடத்தில் மட்டும் சற்று வளைந்து போகட்டும். மணி அடித்தவரும் தம் வேலைக்குத் திரும்பட்டும்."

"அப்படியே ஆகட்டும். ராயரே, இனி இந்த மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுவது உம் பொறுப்பு. உம் கையாலேயே ஊற்ற வேண்டும்!"

மறு வருஷம் சபைக்குப் புதிதாக வந்த இளம் அதிகாரி ஒருவன் எழுந்தான். "பிரபு, ஊர் நடுவில் அவ்வளவு பெரிய ஏரி வீணாகக் கிடக்கிறது. மண்ணைப் போட்டு மூடினால் மாளிகைகள் கட்டலாம்."

மாசிலாமணி வாயைத் திறப்பதற்குள் கோதண்டராயர் பதறி எழுந்தார்.

"ஐயோ தம்பி, சபை வழக்கம் தெரியாமல் பேசாதே! ஐப்பசி மழை கொட்டும்போது ஊர்த் தண்ணீரை எல்லாம் ஒரு பகல் நீ வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிவரும். என் வீடு பள்ளத்தில் இருக்கிறதப்பா!"