பதினாறு எண்கள் காட்டும் மீட்டர்

குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடருக்கு அறுபத்தொன்று.

குருவின் பெயர் தாட்சாயணி. கோயம்புத்தூருக்கு வெளியே, ரேஸ் டிராக்குக்குப் போகும் சாலையில் அவருடைய பட்டறை இருந்தது. பந்தயக் கார்களின் எஞ்சினைப் பிரித்துக் கோப்பது தொழில். யாராவது கேட்டால் ஓட்டவும் கற்றுக்கொடுப்பார். எல்லாருக்கும் இல்லை.

சீடர் டாக்டர் திருவேங்கடம். முப்பத்தொரு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுத்தவர். ஓய்வு பெற்ற மறுவாரமே பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். இரண்டே இருக்கை, டர்போ வைத்த எஞ்சின், நல்ல சிவப்பு.

போன வருடம் அந்த எஞ்சின் டிராக்கின் நடுவில் இறுகிப்போய் நின்றது. ஆயில் பிரஷர் இறங்கியிருந்தது, டாக்டருக்குத் தெரியவில்லை. காரோடு வந்த பழைய மீட்டரின் முள் எது நடந்தாலும் நடுவிலேயே நிற்கும் ரகம். அதே மாதிரி வேறொரு எஞ்சின் தேடிப் பிடிக்க எட்டு மாதம் ஆயிற்று. தாட்சாயணி அதைக் கோத்துக் கொடுத்தபோது ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"இன்னொண்ணு கிடைக்காதுங்க."

கிளப் பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது டாக்டர் மூன்று படங்களோடு பட்டறைக்கு வந்தார். மூன்றும் டிஜிட்டல் மீட்டர்கள். ஒரு டம்ளர் வாய் அகலம்தான். அதற்குள்ளேயே எஞ்சினின் பல அளவுகளையும் காட்டுபவை.

"இது நாலு அளவு காட்டுமுங்க அம்மணி. இது எட்டு. இது பதினாறு. ஆயில் பிரஷர், ஆயில் சூடு, தண்ணி சூடு, டர்போ அழுத்தம், பேட்டரி, பெட்ரோல்ல காத்து எவ்வளவு கலக்குது, எல்லாமே வருது. எதை வாங்கட்டும்?"

"நீங்க எதை நினைச்சிருக்கீங்க?"

"பதினாறு."

"ஏனுங்க?"

"எதுவும் கண்ணுக்குத் தப்பிடக் கூடாது பாருங்க."

பதினாறு காட்டும் மீட்டர் ஒன்று பட்டறையிலேயே சும்மா கிடந்தது. தாட்சாயணி அதை எடுத்து அன்று மாலைக்குள் சிவப்புக் காரில் பொருத்தினார்.

மறுநாள் காலை டிராக்கில் டாக்டர் ஓட்டினார். தாட்சாயணி பக்கத்து இருக்கையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஐந்து சுற்று முடிந்து கார் நின்றது.

"ஆயில் சூடு எவ்வளவுங்க?"

"நூத்தி நாலு."

"பேட்டரி?"

"பதிமூணு புள்ளி எட்டு."

"டர்போ?"

"அதிகபட்சம் புள்ளி ஏழு. நாலாவது சுத்துல." டாக்டருக்கு வாய்மொழித் தேர்வில் பாஸாகிவிட்ட முகம்.

"மூணாவது வளைவுல கொடி காட்டினாங்களே. என்ன நிறம்?"

டாக்டர் யோசித்தார். "கொடி காட்டினாங்களா?"

"மஞ்சள். ரெண்டு சுத்தா காட்டினாங்க. டிராக் ஓரத்துல மயில் நின்னுட்டு இருந்துச்சு."

"மயிலா?"

"ரெண்டு மயிலுங்க. நீங்க வர்றதைப் பாத்து அதுகளே ஒதுங்கிக்கிச்சு."

டாக்டர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வெகுநேரம் சிரித்தார். "அப்ப நாலு காட்டறதே போதுமாட்ட இருக்குது."

தாட்சாயணி ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார்.

"பதினாறையும் வரிசையா எழுதுங்க. ஓட்டிட்டு இருக்கறப்ப அது கெட்டுப்போனா நீங்க என்ன செய்வீங்கன்னு நேரா எழுதுங்க."

டாக்டர் பட்டறைப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். ஆயில் பிரஷர் இறங்கினால்: ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து எஞ்சினை அணைப்பேன். தண்ணீர் சூடேறினால்: வேகம் குறைத்து டிராக்கை விட்டு வருவேன். ஆயில் சூடேறினாலும் அதேதான். பெட்ரோல் கலவை கெட்டால்: உடனே காலை எடுப்பேன். அதற்குப் பிறகு பேனா மெதுவாயிற்று. பேட்டரிக்கு நேராக ஒரு கேள்விக்குறி போட்டார். உள்ளே போகும் காற்றின் சூட்டுக்கு நேராக, 'வருத்தப்படுவேன்' என்று எழுதினார்.

தாட்சாயணி தாளை வாங்கிப் படித்தார்.

"வருத்தப்படறதுக்கு மீட்டர் எதுக்குங்க?"

அன்றைக்கே டாக்டர் நாலு அளவு மீட்டரை வாங்கினார். அதில் ஒரு வசதி இருந்தது. எந்த எண் எங்கே போனால் ஆபத்து என்று முன்பே சொல்லி வைத்தால், அந்த நேரத்தில் வட்டம் முழுக்கச் சிவப்பாக எரியும்.

அடுத்த இரண்டு வாரமும் ஒரே பயிற்சி. தாட்சாயணி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மீட்டரோடு இணைத்த சின்ன ஸ்விட்சை நினைத்த நேரத்தில் தட்டுவார். மீட்டர் சிவக்கும். டாக்டர் காலை எடுத்து எஞ்சினை அணைக்க வேண்டும்.

முதல் தடவை ஐந்து வினாடி ஆயிற்று.

"அஞ்சு வினாடி என்ன பண்ணினீங்க?"

"நிஜமான்னு யோசிச்சேன்."

"ஆபரேஷன் தியேட்டர்ல மானிட்டர் கத்தினா யோசிப்பீங்களா?"

"மாட்டேன். முதல்ல பேஷன்டைப் பாப்பேன். மானிட்டர் சமயத்துல தப்பாக் காட்டும். கையைத் தொட்டா, மூச்சைப் பாத்தா தெரிஞ்சுடும்."

"உங்க பேஷன்ட் உங்க முன்னாடி படுத்திருக்காருங்க. எஞ்சின் மூடிக்குள்ள இருக்குது. ஓடறப்பத் தொட்டுப் பாக்க முடியுமா?"

டாக்டர் எஞ்சினை மறுபடி கிளப்பினார். "இன்னொரு தடவை தட்டுங்க அம்மணி."

இரண்டாவது வாரக் கடைசியில் ஒரு வினாடிக்கு வந்தார்.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை முற்பகல். எட்டுச் சுற்று. டாக்டரின் கல்லூரி நண்பர் வக்கீல் பொன்னம்பலம் நீலக் காரில் வந்திருந்தார். நான்கு வருடமாக டாக்டர் ஒருமுறைகூட அவரை முந்தியதில்லை. பொன்னம்பலம் அதைக் கல்யாண வீடுகளில்கூடச் சொல்வார்.

அன்றைக்கு ஆறாவது சுற்றில் சிவப்புக் கார் நீலக் காரை முந்தியது. ஏழாவது சுற்றிலும் முன்னால்தான். எஞ்சின் சுருதி சேர்ந்த தம்பூரா மாதிரி ஒரே சீராகப் பாடியது. கடைசிச் சுற்றில் இன்னும் இரண்டு வளைவுதான் பாக்கி. டாக்டருக்கு வெற்றிக் கோட்டுக்கு மேலே கட்டியிருந்த பலகையே தெரிந்தது.

மீட்டர் சிவந்தது. ஆயில் பிரஷர் பூஜ்யம்.

டாக்டரின் கால் தானாக எழுந்தது. கை சாவியைத் திருப்பியது. சத்தமில்லாமல் உருண்டுபோன கார் புல் ஓரத்தில் நின்றது. நீலக் கார் கடந்தது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாக் காரும் கடந்தன.

காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். தாட்சாயணி பானட்டைத் திறந்தார். ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. ஒழுகல் எங்கேயும் இல்லை. சென்சாரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் முள் வைத்த சாதாரணப் பிரஷர் மீட்டர் ஒன்றைக் குழாயோடு திருகினார். எஞ்சினைக் கிளப்பச் சொன்னார். முள் நேராக நாலுக்கு ஏறி நின்றது.

பிறகு சென்சாரின் வயரை விரலால் தடவிக்கொண்டே போனார். ஒரு முனை பிளக்கிலிருந்து வெளியே வந்திருந்தது.

"இதுதானுங்க."

"எஞ்சினுக்கு?"

"ஒண்ணுமே இல்லைங்க. பிரஷர் நல்லாத்தான் இருந்திருக்குது."

டாக்டர் அங்கே அடுக்கியிருந்த டயர்களின் மேல் உட்கார்ந்தார். பொன்னம்பலம் இரண்டு இளநீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ நிறுத்தாம இருந்திருந்தா நான் தோத்திருப்பேன் வேங்கடம். இதை வெளியில சொல்ல மாட்டேன். உங்கிட்ட மட்டும் சொல்றேன்."

ஒரு இளநீரைக் கையில் கொடுத்துவிட்டு, கோப்பை வாங்கப் போனார். டாக்டருக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

"தேடித் தேடி ஒரு மீட்டரை வாங்கினேன் அம்மணி. அது எங்கிட்டப் பொய் சொல்லிருச்சு. பேசாமப் பதினாறு காட்டறதையே வாங்கியிருக்கலாம்."

"அதுல பதினாறு வயர் இருக்குமுங்க."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் முகத்தில் அந்தக் குறை போகவில்லை.

"இருந்தாலும், ஒரு பொய்யை நம்பி ஜெயிச்ச ரேஸை விட்டுட்டேனே."

தாட்சாயணி வயரின் முனையைத் துணியால் துடைத்தார்.

"பொய்யின்னு எப்பத் தெரிஞ்சுதுங்க?"

"இப்பத்தான். நீங்க திறந்து பாத்துச் சொன்ன பொறகு."

தாட்சாயணி வயரைப் பிளக்கில் வைத்து அழுத்தினார். டிக் என்று உட்கார்ந்தது.

"அதுவரைக்கும் அது நிஜந்தானுங்க."