கட்டியக்காரனுக்கு வாய்த்த இங்கிலீஷ்

கரட்டூர் ராஜாவுக்கு இங்கிலீஷில் தெரிந்தது ஒரே ஒரு சொல். ‘நைஸ்.’ துரை கொடுத்த பிஸ்கோத்து நைஸ். துரையின் குதிரை நைஸ். துரையின் மாமியார் செத்துப்போன சேதிக்கும் வாய் நிறைய “நைஸ்!” என்றுவிட்டார். துரைசானி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மானம் போயிற்றே என்று பட்டணத்திலிருந்து வேதமூர்த்தி வாத்தியாரை வரவழைத்தார்கள்.

“மகாபிரபு, வர்ணனைச் சொற்கள் பெருகவேண்டும். நல்லது என்று சொல்லவே இங்கிலீஷில் நூறு சொல் உண்டு” என்றார் வாத்தியார்.

ராஜாவுக்கு முதல் சொல்லிலேயே கொட்டாவி வந்துவிட்டது. “நூறையும் நான் படிப்பதா? என்னை வர்ணிக்கத்தானே மாசிலாமணிக்குச் சோறு போடுகிறேன்! அவன் படிக்கட்டும்.”

மாசிலாமணி அரண்மனைக் கட்டியக்காரன். ராஜா சபைக்கு வரும்போது ‘ராஜாதிராஜ, ராஜகம்பீர’ என்று பட்டங்களை முழங்குகிறவன். ஆளும் ஊர் பதினொன்று என்றாலும் அகிலமெல்லாம் ஆள்கிறார் என்று கூசாமல் சொல்லுவான். வாய்தான் அவன் சொத்து.

“வெள்ளிக்கிழமை துரை வருகிறார். இங்கிலீஷில் என்னை வர்ணி. தப்பினால் உன் வேலை, வாத்தியாரோடு வேலை தேடி வந்திருக்கும் அவர் மச்சினனுக்கு!” என்றார் ராஜா. மச்சினன் அன்றைக்கே தலைப்பாகைக்கு அளவு கொடுத்துவிட்டான்.

வாத்தியார் தனியே கூட்டிப்போய் மூன்று சொல் கற்பித்தார். “ஃபேட், பால்ட், லேஸி. இதைவிட உசத்தியான பட்டம் இங்கிலீஷில் கிடையாது.”

மாசிலாமணி தோட்டத்தில் நின்று தொண்டை கிழிய அதைப் பயிற்சி செய்தான். முன்னதாகவே கூடாரம் போட வந்திருந்த துரையின் பட்லர் அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

“யாரய்யா அது? குண்டன், சொட்டைத்தலையன், சோம்பேறி?”

மாசிலாமணிக்குச் சூது விளங்கிவிட்டது. அடப்பாவி வாத்தியாரே! வேலை மட்டுமா போகும்? தலையே அல்லவா போகும்! கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டு நின்றான். பிறகு சிரித்துக்கொண்டே சபைக்குப் போனான்.

“மகாராஜா, வாத்தியார் கொடுத்த பட்டங்களின் அர்த்தத்தை அவர் வாயாலேயே கேட்டால் சபை பூரிக்கும்.”

வாத்தியார் வாசல் பக்கம் ஓரடி எடுத்து வைத்தார். ஆனால் ராஜா காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறாரே!

“ஃபேட் என்றால்... மலைபோல் பெருமை உடையவர். பால்ட் என்றால் சூரியனாகப் பிரகாசிப்பவர். லேஸி... எதற்கும் பதறாத தீரர்.”

“அடடா! அப்படியே நான்தான்!” என்றார் ராஜா.

வெள்ளிக்கிழமை வந்தது. துரையும் துரைசானியும் நாற்காலியில் அமர்ந்தார்கள். மச்சினன் புதுத் தலைப்பாகையோடு தூணோரம் தயாராக நின்றான். மாசிலாமணி கோலை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தான்.

“மகாராஜா, கல்வி தந்த குருவை முதலில் கௌரவிக்க வேண்டும். உங்களுக்கென்று வைத்த பட்டங்களை ஒரே ஒரு தடவை அவருக்குச் சூட்ட உத்தரவு தரவேண்டும்.”

“தாராளமாக!”

மாசிலாமணி வாத்தியார் பக்கம் திரும்பினான். பானை வயிறும் பளபளக்கும் மண்டையுமாக அவர் மெத்தையில் சாய்ந்திருந்தார்.

“ஃபேட்! பால்ட்! லேஸி! வேதமூர்த்தி வாத்தியார் பராக்!”

துரை கொல்லென்று சிரித்தார். துரைசானி விசிறியால் வாயை மூடிக்கொண்டாள். வாத்தியார் துள்ளி எழுந்தார்.

“அடேய், சபை நடுவே என்னை அவமானப்படுத்துகிறாயா? இவனைச் சவுக்கால் அடிக்க வேண்டும், மகாபிரபு!”

ராஜா புருவத்தை நெரித்தார். “ஏன் ஓய்? மலை, சூரியன், தீரர். எனக்கு இனித்த பட்டம் உமக்கு மட்டும் ஏன் கசக்கிறது?”

வாத்தியார் துண்டை எடுத்து மண்டையைத் துடைக்கத் தொடங்கினார். மச்சினன் தலைப்பாகையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு நழுவினான்.

“சரியான அர்த்தத்தை நீயாவது சொல்லடா” என்றார் ராஜா. மாசிலாமணி அவர் காதோடு சொன்னான். ராஜா வாத்தியாரின் வயிற்றைப் பார்த்தார். தம் வயிற்றையும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். அப்புறம் சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார்.

“வாத்தியாரை இன்றைக்கே பட்டணத்துக்கு வண்டி ஏற்றுங்கள்! மாசிலாமணி, இந்தா, என் பட்டுச் சால்வை. உனக்குப் பழைய பொய்களே போதும்.”

பிறகு துரையைப் பார்த்துக் கேட்டார். “எங்கள் சபை எப்படி இருந்தது, துரையவர்களே?”

துரை கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி, ஒரே ஒரு சொல் சொன்னார்.

“நைஸ்!”

ராஜா தொடையைத் தட்டினார். “கேட்டாயா மாசிலாமணி? அவருக்கே அது ஒன்றுதான் வருகிறது!”