ஓநாய்களிடம் படித்த வாத்து

ஏரிக்கரைக் காட்டில் மருதி என்றொரு புள்ளிமான் இருந்தது. நாற்பது மான்கள் கொண்ட கூட்டத்துக்கு அதுதான் தலைவி. அந்த ஆண்டு அதற்கு ஒரு குட்டி பிறந்திருந்தது. துள்ளப் போய்த் தடுக்கி விழும், எழுந்து மறுபடியும் துள்ளும். மருதிக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும், மேயக்கூடத் தோன்றாது.

கரையில் நின்ற பெரிய அத்திமரத்தில் ஒரு மந்திக் கூட்டம் குடியிருந்தது. அதன் தலைவி பெயர் பூவாத்தா. மந்திகள் சாப்பிடும் லட்சணத்தைப் பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வரும். ஒரு பழத்தைப் பறித்து ஒரு கடி கடித்துவிட்டு மீதியைக் கீழே போடும். ஒரு கொத்து ஒடித்தால் நாலு இலை வாய்க்குள் போகும், மற்றதெல்லாம் தரைக்குப் போகும். கீழே நிற்கும் மான்கள் அதை மேய்ந்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும்.

புதருக்குள் பதுங்கி வரும் சிறுத்தையின் வாடை மானின் மூக்குக்குத்தான் முதலில் எட்டும். தூரத்தில் புல் அசைவது மந்தியின் கண்ணுக்குத்தான் முதலில் படும். யார் முதலில் அறிந்தாலும் குரல் கொடுக்க வேண்டும். குரல் கேட்டால், என்ன ஏது என்று விசாரிக்காமல் மற்றவர்கள் ஓட வேண்டும். அந்தக் காட்டின் வழக்கம் இது. யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை. அதற்கு ஒரு பெயர்கூட இல்லை.

பெயர் இல்லாததுதான் வினையாகப் போயிற்று.

மார்கழி மாதத்தில் பனிமலைகளைத் தாண்டி வரித்தலை வாத்துகள் அந்த ஏரிக்கு வரும். அந்த முறை வந்தவற்றில் ஒன்று படித்த வாத்து. கூட்டங்கள் ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்கின்றன என்று சொல்லும் கல்வியை வடக்கே பனிக்காட்டில் கற்றுத் தேர்ந்து வந்திருந்தது. எல்லா உயிர்களும் அதைப் பண்டிதர் என்று அழைத்தன. காலையில் அது கரையேறி நின்று பாடம் சொன்னால், ஆமைகள்கூட ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டிக் கேட்டன.

“கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நட்பு என்று ஒன்று கிடையாது. பலம் மட்டுமே உண்டு. ஒரு கூட்டம் உனக்கு எதையாவது கொடுக்கிறது என்றால், உன்னைத் தன் காலடியில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறது என்று பொருள்” என்றது பண்டிதர்.

மருதி தயங்கித் தயங்கி முன்னால் வந்தது. “எங்களுக்குள்ள அப்படி இல்லீங்களே. மந்திங்க தழை போடுதுங்க. நாங்க வாடை பிடிச்சுச் சொல்றோம்” என்றது.

பண்டிதர் கோபப்படவில்லை. அன்பாகவே சிரித்தது.

“அது உங்கள் பழக்கம். பழக்கம் வேறு, கல்வி வேறு.”

கூடியிருந்த எல்லாரும் சிரித்தார்கள். மருதிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை காலம் ஒன்றும் தெரியாமல் அத்திமரத்தடியில் நின்றிருக்கிறோமே என்று நினைத்தது. அந்த வெட்கம் மட்டும் வராமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுநாள் மருதி மரத்தை நிமிர்ந்து பார்த்தது. மந்திகள் மேலே, நாம் கீழே. இதுவரை ஏன் கண்ணில் படவில்லை? அவர்கள் கடித்துப் போட்ட மிச்சத்தைத் தின்று நம் கூட்டம் வளர்கிறது. அவர்கள் கத்தினால் நாம் ஓடுகிறோம். பார்க்கப் பார்க்கப் பண்டிதர் சொன்னதெல்லாம் சரியாகவே பட்டது. மருதி கூட்டத்தை மரத்தடியிலிருந்து விலக்கிப் புல்வெளிக்கு ஓட்டியது. இனி மந்தி கத்தினால் யாரும் ஓடக் கூடாது, தான் சொன்னால்தான் ஓட வேண்டும் என்று கட்டளையும் போட்டது.

பண்டிதர் ஓரவஞ்சனை செய்யவில்லை. மந்திகளுக்கும் அதே பாடத்தைச் சொன்னது. மான்கள் திடீரென்று விலகிப் போனதும் மந்திகளுக்கும் சந்தேகம் வந்தது. தழையைக் கீழே போடாமல் கிளையிலேயே வைத்துக்கொண்டன. தாழ்ந்த கிளைகளில் காவல் உட்கார்ந்தன. அதைக் கண்ட ஆண் மான்கள் அடிமரத்தில் கொம்பைத் தீட்டின. கொம்பு தீட்டுவதைக் கண்ட மந்திகள் காவலை இரண்டு மடங்காக்கின.

“நான் சொன்னேன் அல்லவா?” என்றது பண்டிதர். இரு தரப்பும் தலையாட்டின. இந்தப் பாடம் வருவதற்கு முன்பு அங்கே காவலும் இல்லை, தீட்டிய கொம்பும் இல்லை என்பதை நினைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். விடிந்து வெயில் ஏறாத நேரம். மான்கள் தாழம்புதர் ஓரமாக மேய்ந்துகொண்டிருந்தன. காற்று மான்களின் பக்கமிருந்து புதரை நோக்கி வீசியது. வாடை எட்ட வழியில்லை.

அத்திமரத்திலிருந்து குரல் வந்தது.

மருதியின் கால்கள் தாமாகவே ஓடத் துடித்தன. பிறந்த நாள் முதல் அந்தக் குரலுக்கு ஓடிய கால்கள் அவை. ஆனால் மருதி அவற்றை அழுத்தி நிறுத்திக்கொண்டது. நம்மை விரட்டிவிட்டு இந்தப் புல்லைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்று நினைத்தது. மந்திகள் இந்தப் புல்லைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டா என்பது அந்த நேரத்தில் அதற்கு மறந்தே போயிற்று.

பூவாத்தா கிளை கிளையாகத் தாவி மரத்தின் கடைசிக் கிளைக்கு இறங்கி வந்தது. “மருதி, ஓடு! தாழம்புதருக்குள்ள கெடக்குது, ஓடு!” என்று அடிவயிற்றிலிருந்து கத்தியது.

“யாரும் அசையாதீங்க” என்றது மருதி.

சிறுத்தை பாய்ந்தது. பெரிய மான்கள் எல்லாம் தப்பிவிட்டன. மருதியின் குட்டி ஓடத் தொடங்கித் தடுக்கி விழுந்தது. எழுவதற்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

வெயில் ஏறிய பிறகும் மருதி ஏரிக்கரையிலேயே நின்றது. பண்டிதர் நீந்தி வந்து பக்கத்தில் நின்றது. அதற்கும் வருத்தம்தான்.

“மனதைத் தேற்றிக்கொள். பலமில்லாதது பலமுள்ளதிடம் தோற்கும். கல்வி அதைத்தான் சொல்கிறது.”

“அது பலத்துல தோக்கல பண்டிதரே. குரல் வந்துச்சு. நான் நம்பல. அதுலதான் செத்துச்சு.”

பண்டிதர் தாழம்புதர் பக்கம் திரும்பிப் பார்த்தது.

“இந்தக் கல்விய நீங்க யாருகிட்ட படிச்சீங்க?” என்று கேட்டது மருதி.

“ஓநாய்களிடம். பனிக்காட்டில் அவர்கள்தான் ஆசிரியர்கள். ஒரு ஓநாய்க் கூட்டம் அசந்தால் இன்னொன்று அதன் எல்லைக்குள் புகுந்துவிடும். நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொன்னது பொய் இல்லை.”

“பொய்யின்னு நான் சொல்லல. நீங்க அந்த மலையத் தாண்டி எப்படி வந்தீங்க?”

பண்டிதரின் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்தது. மூன்று ஏரிகளின் வாத்துகள் மலையடியில் ஒன்றுகூடித்தான் ஏறும் என்றது. முன்னால் பறப்பது காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், அதனால் பின்னால் வருபவர்களுக்குச் சிறகு வலிக்காது. அது களைத்தால் பின்னுக்கு வந்துவிடும், வேறொன்று முன்னால் போகும். எந்த ஏரி வாத்து என்று யாரும் பார்ப்பதில்லை. தனியாகப் பறந்தால் ஒருவரும் மலையைத் தாண்ட முடியாது என்றும் சொன்னது.

“இத உங்க கல்வியில எந்தப் பாடத்துல சொல்லியிருக்கு?”

“அது... அது எங்கள் பழக்கம்” என்றது பண்டிதர். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அதன் காதிலேயே விழுந்தது.

“ஓநாய் ஒரு நாளாவது பறந்திருக்குமா? அதுகிட்டப் போயி உங்களப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டீங்க. நானும் அதே தப்பத்தான் பண்ணினேன். உங்ககிட்ட வந்து என்னப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டேன்” என்றது மருதி. அதில் கோபம் இல்லை. கோபப்பட அதற்குத் தெம்பும் இல்லை.

பிறகு மருதி தன் கூட்டத்தோடு அத்திமரத்தடிக்கு நடந்தது. பூவாத்தா இன்னும் அந்தக் கடைசிக் கிளையிலேயே உட்கார்ந்திருந்தது.

“இன்னும் ரெண்டு தரம் கத்தியிருக்கணும்டி. நீ முறைச்சுக்கிட்டுப் போனதுல எனக்கும் கோவம். மொதல்ல கத்தவா வேணாமான்னு ஒரு நொடி யோசிச்சுட்டேன்” என்றது பூவாத்தா.

“நீ கத்துனது கேட்டுச்சுக்கா. நல்லாக் கேட்டுச்சு” என்றது மருதி.

பூவாத்தா மேலே ஏறிப் போய் ஒரு தழைக்கொத்தை ஒடித்துக் கீழே போட்டது. மற்ற மான்கள் மேய்ந்தன. மருதி அன்று எதையும் தின்னவில்லை.

மறுவாரம் ஓடை பக்கமிருந்து சிறுத்தையின் வாடை வந்தது. மருதி குரல் கொடுத்தது. கீழே பழம் பொறுக்கிக்கொண்டிருந்த மந்திக் குட்டிகள் என்ன ஏது என்று கேட்காமல் மரத்தில் ஏறின. ஏழு குட்டிகளும் பிழைத்தன. மருதி அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி வெகுநேரம் நின்றது.

அடுத்த மார்கழியில் வாத்துகள் திரும்பி வந்தன. பண்டிதரைப் பார்த்ததும் பாடம் கேட்க ஆமைகள் கரையில் கூடின. அது பாடம் சொல்லவில்லை. நேராக மருதியிடம் வந்து கழுத்தைத் தாழ்த்தியது.

“உங்கள் காட்டில் எப்படி வாழ்கிறீர்கள் என்று சொல்வாயா? கேட்டுக்கொள்ள வந்திருக்கிறேன்.”

மருதி மேய்வதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தது. பிறகு, “அப்ப வாங்க, அத்திமரத்தடிக்குப் போகலாம். அங்க இருந்துதான் தொடங்கணும்” என்று முன்னால் நடந்தது.

பிறர் தம் காட்டில் கண்டதை உலகத்துக்கெல்லாம் விதி என்று ஏற்பதற்கு முன், நாம் நம் காட்டில் வாழ்ந்து அறிந்ததையும் அறிவு என்று மதிக்க வேண்டும்.